ஆல்ட்டோ வரிசையில் வந்த காய்ச்சல்

எங்கள் பாடகர் குழுவில் ஆல்ட்டோ வரிசைக்கு யாரும் ஆசைப்பட்டு வருவதில்லை. மெட்டைப் பாடுகிறவர்கள் சோப்ரானோப் பிள்ளைகள். அந்த மெட்டுக்குக் கொஞ்சம் கீழே, அதோடு சேர்ந்தும் விலகியும் போகிற வேறொரு வரிதான் ஆல்ட்டோ. பையன்கள் பாடுகிற இரண்டு வரிகளோடு நாலு குரலும் சேரும்போதுதான் அது எதற்கு என்று புரியும். தனியாகப் பாடினால் பாட்டு மாதிரியே இருக்காது. வீட்டில் பாடிக் காட்டிய ஒரு பிள்ளையிடம் அவள் அம்மா, "இதுக்கா பஸ்ஸேறிப் போயிட்டு வாரே?" என்று கேட்டாளாம்.

அந்தப் பிள்ளையைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். என்னைப் பற்றியும்.

குழுவை நடத்துகிறவள் என் அக்கா. கோவில்பட்டியில் ஒரு தொடக்கப் பள்ளியின் மாடியைச் சனிக்கிழமை மத்தியானங்களில் எங்களுக்குத் திறந்துவிடுகிறார்கள். பாதிப் பேர் சர்ச்சில் பாடிப் பழகியவர்கள். மற்றவர்கள் கடைக்காரர்கள் வீட்டுப் பிள்ளைகள், தீப்பெட்டி ஆபீஸ் முதலாளிகள் வீட்டுப் பிள்ளைகள், அங்கே வேலைக்குப் போகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள். சாமிப் பாட்டு எதுவும் வேண்டாம் என்று அக்கா முதலிலேயே முடிவு செய்துவிட்டாள். கும்மி மெட்டையும் தாலாட்டு மெட்டையும் எடுத்து அவளே நாலு குரலுக்கு எழுதுவாள். அவள் முன்னால் நின்று கையசைப்பாள். நான் ஆல்ட்டோப் பிள்ளைகளுக்கு நடுவே நின்று பழக்குவேன். வாரநாட்களில் ஸ்கூட்டரின் பின்னால் கீபோர்டைக் கட்டிக்கொண்டு விளாத்திகுளம் பக்கத்துப் பள்ளிகளுக்குப் போவேன். அங்கே சின்னப் பிள்ளைகளுக்கு டோ ரே மி, அதாவது மேல்நாட்டுச் சரிகம, சொல்லிக்கொடுப்பேன்.

அப்படிப் போன பள்ளி ஒன்றில், மேல் வகுப்பில் படித்தபோது கிடைத்தவள்தான் அவள். மிளகாய் போடுகிற குடும்பம். பிளஸ் டூ முடித்துவிட்டு, காலேஜை அடுத்த வருஷம் பார்ப்போம் என்று அப்பா சொன்னதால் வீட்டில் இருந்தாள். பெரிய குரல் இல்லை. ஆனால் ஒரு சுருதியைப் பிடித்தால் பக்கத்தில் இடி விழுந்தாலும் விடமாட்டாள். வரிசையில் அவளை எனக்கு இடப்பக்கம் நிறுத்தியிருந்தேன். மற்றப் பிள்ளைகள் வழி தவறினால் அவளைக் கேட்டுத் திரும்பி வந்துவிடுவார்கள். உண்மையைச் சொன்னால், நானும் அப்படித்தான்.

பொங்கல் கழிந்து, ஆண்டுக் கச்சேரிக்குப் பழகிக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை, அவள் துப்பட்டாவைக் காதோடு சேர்த்துச் சுற்றிக்கொண்டு வந்தாள்.

"என்னட்டி ஆச்சு?"

"பல்வலி மிஸ். ராத்திரி காச்சல் இருந்துது. இப்ப விட்டுட்டு."

"வீட்டுல இருந்திருக்கலாம்லா?"

"நான் வரலன்னா இவளுவ எல்லாரும் சோப்ரானோ கூடப் போயிருவாளுவ மிஸ்."

அது சரிதான் என்று எல்லோரும் சிரித்தோம். அன்றைக்கு முழுவதும் என் பக்கத்தில் நின்று பாடினாள். மறுவாரம் அவளுக்குப் பொன்னுக்குவீங்கி என்று தெரிந்தது. அதற்குள் விளாத்திகுளம் பக்கத்துப் பள்ளிகளிலும் பிள்ளைகள் தாடை வீங்கி உட்கார்ந்திருந்தார்கள். குழுவிலும் சிலருக்கு வந்து, போய்விட்டது. கடைசியாக எனக்கு வந்தது.

சின்ன வயதில் வந்தால் விளையாட்டுப் போலப் போய்விடும், பெரியவர்களுக்கு வந்தால் படுத்தும் என்று அம்மா சொன்னாள். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசினாள். தன் சங்கிலியைக் கழற்றி என் கழுத்தில் போட்டாள். வீக்கம் வடிந்துகொண்டிருந்த ஒரு காலையில் எழுந்தேன், அறை சுற்றியது. கட்டிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது போன் அடித்தது. எடுத்து இடது காதில் வைத்து, ஹலோ, ஹலோ என்றேன். பதிலே இல்லை. வைத்துவிடலாம் என்று கையை மாற்றினேன். வலது காதில் ஒரு பள்ளித் தலைமை ஆசிரியை பாதி வாக்கியத்தில் பேசிக்கொண்டிருந்தார்.

காது அடைத்திருக்கிறது, தானாகத் திறக்கும் என்றாள் அம்மா. அக்கா ஒரு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு என்னைத் திருநெல்வேலிக்குக் கூட்டிப் போனாள். ஒரு சின்னக் கண்ணாடி அறையில் உட்காரவைத்து, காதில் ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். வலது காதுக்கு நன்றாக அழுத்தினேன். மிக மெல்லிய சத்தத்தைக்கூட விடவில்லை. பரீட்சையில் முதல் மார்க் வாங்குகிற பெருமைகூட வந்தது. அதன்பிறகு வெகுநேரம் ஒன்றுமே நடக்கவில்லை. மிஷின் நின்றுவிட்டதோ என்று கண்ணாடி வழியாக நிமிர்ந்து பார்த்தேன். அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த பெண் குமிழைத் திருகிக்கொண்டே இருந்தாள். திருகுவதும் என் விரலைப் பார்ப்பதுமாக இருந்தாள். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். மறுபடி போனபோது டாக்டர் அக்காவைப் பார்த்துப் பேசினார். "இது திரும்புறது கஷ்டம்மா. இன்னொரு காது நல்லா இருக்கு. அதைப் பத்திரமா பாத்துக்கிடணும்."

"டாக்டர், இவ பாட்டு சொல்லிக் கொடுக்கவ" என்றாள் அக்கா.

அவர் தலையசைத்தார்.

பஸ்ஸில் அக்கா எப்போதும்போல ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அது எனக்கு இடப்பக்கம். கயத்தாறு வந்ததும் திடீரென்று எழுந்து, "நகரு" என்று என்னை ஜன்னல் பக்கம் தள்ளிவிட்டு வலப்பக்கம் உட்கார்ந்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். பருத்தி எடுத்து முடித்த காடு கறுப்பாக, வெடித்துக் கிடந்தது.

வீட்டில் அம்மா ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "ஊருக்குள்ள யார்ட்டயும் மூச்சு விடாதீங்கட்டி. மாப்பிள்ளை பாத்துக்கிட்டு இருக்கோம்."

எனக்கு வெளியே காட்டிக்கொள்ளாமல் இருப்பது எளிதாகத்தான் தோன்றியது. ஆனால் சனிக்கிழமை மாடிக்குப் போனதும் கால் தடுமாறியது போல ஆகிவிட்டது. முன்பெல்லாம் பாட்டுக்கு நடுவே நின்றால், இங்கே ஒருத்தி, அங்கே ஒருத்தி என்று கூடத்தில் நடப்பது போல இருக்கும். இப்போது எல்லாக் குரலும் ஒரே பக்கத்தில் குவிந்து கிடந்தது. ஏதோ ஒரு சுருதி இறங்குகிறது என்று தெரியும். யாருடையது என்று தெரியாது. இடப்பக்கத்திலிருந்து ஒரு பிள்ளை கூப்பிட்டால் கேட்காது. கச்சேரி நெருங்க நெருங்க மிஸ்ஸுக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது என்று பையன்கள் பேசிக்கொண்டதை ஒருநாள் வலது காதால் கேட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் தூத்துக்குடியிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா வாஞ்சையாக என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். இடப்பக்கம். அவர் ஏதோ கேட்டிருக்கிறார். நான் எதிரே இருந்தவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் தடவையும் கேட்டிருக்கிறார். கூடத்தில் எல்லோரும் பேச்சை நிறுத்தியது எனக்குத் தெரிந்தது. எதற்கு என்று தெரியவில்லை.

"அவளுக்கு அந்தக் காது கேக்காதும்மா" என்றாள் அக்கா. "ரெண்டு மாசமா. பொன்னுக்குவீங்கி வந்து போயிட்டு. மறைச்சு வைக்கதுக்கு ஒண்ணுமில்ல."

அவர்கள் நல்லவர்கள். காபி குடித்துவிட்டுத்தான் போனார்கள். பிறகு எந்தத் தகவலும் வரவில்லை. "ஒன் தங்கச்சி வாழ்க்கையில நீயே மண்ணள்ளிப் போட்டுட்டியே" என்று சொல்லிவிட்டு அம்மா அக்காவிடம் பல நாள் பேசாமல் இருந்தாள். எனக்கு அக்காமேல் கோபம் வரவில்லை என்று சொல்ல முடியாது. என் காதைப் பற்றி நான்தானே சொல்லியிருக்க வேண்டும்?

அந்தச் சனிக்கிழமை நானே பிள்ளைகளிடம் சொன்னேன். எந்தக் காது, எதனால், இனி எந்தப் பக்கம் நின்று கூப்பிட வேண்டும் என்பதையெல்லாம் சொன்னேன். பையன்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒரு பிள்ளை, "வலிக்குமா மிஸ்?" என்று கேட்டாள். வலிக்காது என்றேன். அவள் மட்டும், எனக்கு இடப்பக்கம் நிற்கிறவள், ஒன்றும் கேட்கவில்லை. பழக்கம் முடிந்ததும் எல்லோருக்கும் முன்னால் படியிறங்கிப் போய்விட்டாள். அடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. போன் அணைந்திருந்தது.

அவள் ஊருக்குப் போனேன். மிளகாய்ப் பழம் காய்ந்துகொண்டிருந்த களத்தில் அவள் அப்பா நின்றார். "அது புதியம்புத்தூருக்குப் போயிட்டும்மா. அங்கன அத்தை வீடு இருக்கு. தையல் கம்பெனியில சேந்துருக்கு. காலேஜுக்குப் போறேன் போறேன்னு நின்ன பிள்ளை, ஒரே நாள்ல வேலைக்குப் போறேன்னு கெளம்பிட்டு. ஒங்கள்ட்ட ஏதும் சொல்லுச்சா?"

இல்லை என்றேன்.

புதியம்புத்தூரில் அந்தத் தையல் கம்பெனி ஒரு வீட்டின் கீழ்த்தளம். மிஷின்கள் வரிசையாக ஓட, உள்ளே போனதும் என் நல்ல காதும் போய்விட்டது போல இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் அவளை வெளியே அனுப்பினார்கள். பின்சுவர் நிழலில் டிபன் பாக்ஸைத் திறக்காமலே கையில் வைத்துக்கொண்டு நின்றாள். என் வலப்பக்கம் வந்து நின்றாள். அதை நான் கவனித்தேன்.

"ஏட்டி, என்னத்துக்கு வரல?"

"இங்கன மிஷின் சத்தத்துல எதுவும் கேக்காது மிஸ். அதான் நல்லாருக்கு."

"நான் கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"என்னாலதானே மிஸ்." டிபன் பாக்ஸைப் பார்த்தபடி சொன்னாள். "பல்வலின்னு பொய் சொன்னேன். தாடை வீங்கியிருந்தது எனக்கே தெரியும். அனுப்பிருவீங்கன்னு மறைச்சேன்."

"உன்கிட்டயிருந்துதான் வந்ததுன்னு யாரு சொன்னா? நான் போற பள்ளிக்கூடத்துல எத்தனை பிள்ளைகளுக்கு இருந்தது தெரியுமா? ஒவ்வொண்ணும் என் மேல ஏறி விழும்."

"இல்ல மிஸ். நான் ஒங்க எடப்பக்கம்தான நின்னேன். அந்தக் காதுதான போச்சு."

நோய் அப்படிப் பக்கம் பார்த்து வராது என்று சொன்னேன். மூச்சில் வரும், ரத்தத்தில் போகும், எந்தக் காதைப் பிடிக்கும் என்று டாக்டருக்கே தெரியாது என்று சொன்னேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். நம்பவில்லை என்பது முகத்தில் எழுதியிருந்தது. படித்தவள்தான். ஆனால் ராத்திரிகளில் தனியாகக் கிடந்து அவள் போட்ட கணக்கு அது. என் ஒரு பேச்சில் அது அழிந்துவிடுமா?

கச்சேரிக்கு வந்தாள். பாட அல்ல. கல்யாண மண்டபத்தில் பின்வரிசையில் அத்தையோடு உட்கார்ந்திருந்தாள். முடிந்து நாற்காலிகளை அடுக்கும்போது என்னிடம் வந்து, வலப்பக்கம் நின்று, "ரெண்டாவது தாலாட்டுல ஆல்ட்டோ கடைசி வரைக்கும் சுருதி இறங்கியே இருந்துது மிஸ்" என்றாள். கூட்டம் நன்றாகக் கைதட்டியிருந்தது. நானும் நன்றாகப் போனது என்றுதான் நினைத்திருந்தேன்.

அக்கா அதைக் கேட்டுவிட்டு ஒரு யோசனை சொன்னாள். "இவளை ஒன்கூட நிறுத்திக்கோ. யாரு இறக்குதாங்கதை இவ சொல்லட்டும். ஒனக்கும் உதவி, அவளுக்கும் மனசு ஆறும்."

அவள் உடனே தலையாட்டினாள். "வாரேன் மிஸ். பாட வேண்டாம். ஒங்களுக்குக் கேக்காததைக் கேட்டுச் சொல்லுதேன். அது போதும்."

பத்தொன்பது வயதுப் பிள்ளை, வாரா வாரம் பஸ்ஸேறி வந்து என் பக்கத்தில் நின்று தண்டனையை அனுபவிக்கப் பார்த்தாள். "முடியாது. வந்தா வரிசையில நின்னு பாடணும். இல்லன்னா வர வேண்டாம்" என்றேன்.

"பாட வரமாட்டேங்குது மிஸ்."

"வர்ற அன்னைக்கு வா."

அக்காவுக்கு அது பிடிக்கவில்லை. வீம்பு என்றாள். உதவி கேட்கத் தெரியாதவள் என்றாள். இருக்கலாம். அந்த வருஷம் முழுக்கக் குழு சுமாராகத்தான் பாடியது. சில பெற்றோர் பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள். காது கேட்காத டீச்சரிடம் பாட்டுப் படிக்கவா என்று ஒருவர் அக்காவிடம் கேட்டே விட்டார். கையசைப்பதோடு ஆல்ட்டோவைத் திருத்துவதையும் அக்காவே எடுத்துக்கொண்டாள். நான் கீபோர்டுக்குப் போனேன். பிள்ளைகள் எனக்கு வலப்பக்கம் இருக்கும்படி அதைச் சுவரோரமாகத் திருப்பிப் போட்டோம். காய்ச்சலோடு யாரும் வரக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டோம். பள்ளிகளுக்கு மட்டும் இன்னும் நான்தான் போகிறேன். சின்னப் பிள்ளைகள் எந்தப் பக்கமிருந்தும் கத்தித்தான் கூப்பிடுவார்கள். அங்கே எனக்குச் சிரமமில்லை.

அவள் புதியம்புத்தூரிலேயே இருக்கிறாள். காலேஜ் பேச்சு நின்றுவிட்டது. அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட உறுத்துகிறது. இந்த வருஷம் ஆடி மாதத்தில் ஒரு சனிக்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல் மாடியேறி வந்தாள். என்னைப் பார்த்து லேசாகச் சிரித்துவிட்டு ஆல்ட்டோ வரிசையின் கடைக்கோடியில் போய் நின்றாள். அதன்பிறகு கம்பெனி லீவு கொடுக்கும்போதெல்லாம் வருகிறாள். என்னோடு அதிகம் பேசுவதில்லை. பாட்டு நடக்கும்போது அவள் வாய் அசைவதைக் கீபோர்டிலிருந்து பார்க்கிறேன். குரல் எனக்குப் பிரிந்து கேட்பதில்லை. பாடுகிறாளா என்று அக்காவிடம் கேட்டேன்.

"மெதுவா. ஆனா பாடுதா" என்றாள்.

அக்கா என்னிடம் பொய் சொல்லமாட்டாள். அவள் சொன்னதை வைத்துக்கொண்டுதான் வாசிக்கிறேன்.