ஊழியம் முறிந்த மூன்று நாள்

தமையனார் சிவபதம் எய்தி ஓராண்டு நிறைகிறது. இந்நாளில் உறவினர்க்கு அளிக்கும் இச்சிறு நூலுக்கு இரங்கற்பாவாகிய சரமகவி பாடித் தருமாறு பலர் கேட்டனர். பாளையங்கோட்டையில் தமிழ் கற்பிக்கும் நான் பாட இயலாது என்று சொன்னால் அது பொய்யாகும். ஆயினும் செய்யுளில் எதுகைக்காக ஒரு நற்குணம் கூடிவிடும். சீர் இடங்கொடாமையால் ஓர் உண்மை குறைந்துவிடும். அவரைக் குறித்து இப்போது இருவகைப் பேச்சு வழங்குவதால் கூட்டலும் குறைத்தலும் தகா. ஆதலின் நான் நேரிற் கண்டவற்றையும், கண்டவர் என்னிடம் சொன்னவற்றையும் மட்டும் உரைநடையில் எழுதுகிறேன்.

தமையனார் களக்காட்டை அடுத்த சிற்றூரிற் பிறந்தார். பிறந்த ஆண்டைக் குறித்த ஓலை கரையானுக்கு இரையானமையால் வயதை எழுதவில்லை. தந்தையார் மறைந்தபோது நான் நடை பழகாதவன். நிலம் கைவிட்டுப் போயிற்று. தமையனார் மராமத்து இலாகாவிற் சேர்ந்து, ஆற்றுக் கால்வாயின் தலைமதகில் லஸ்கர் ஆனார். மதகுப் பலகையை ஏற்றுவதும் இறக்குவதும், கரையில் நண்டுவளைகளை அடைப்பதும் அவர் பணி. அந்த ஊதியத்தில் நான் இலக்கணம் கற்றேன். அவர் கையொப்பமிடும் அளவே எழுத்தறிந்தவர். மணம் செய்துகொள்ளவில்லை, காரணத்தை நான் கேட்டதில்லை.

இலாகாவின் கீழ்நிலை ஊழியர், குறித்த காலம் இடையறாது பணி செய்தார் என்று மேலதிகாரி சான்றளித்தால், முதுமையில் அவர்க்கு மாதந்தோறும் ஒரு சிறு தொகை கிடைக்கும். அதற்கு உபகாரச் சம்பளம் என்று பெயர். பலர்க்குச் சான்று மறுக்கப்பட்டது. அத்தொகை எல்லார்க்கும் உறுதியாக வேண்டுமென்று லஸ்கர்கள் விண்ணப்பம் செய்ய எண்ணினர். முன்னின்றவர் அடுத்த மதகின் லஸ்கராகிய காதர் அவர்கள். அவரும் தமையனாரும் விண்ணப்பம் எழுதுவிக்க என்னிடம் வந்தனர்.

“தம்பி, உபகாரம்னா என்ன அர்த்தம்?” என்று தமையனார் கேட்டார்.

“கைம்மாறு கருதாமச் செய்ற உதவி, அண்ணே.”

“அப்பம் அதைக் கேட்டு வாங்க முடியாதுல்லா?”

“அதான் அண்ணாச்சி, அந்தச் சொல்லே நமக்கு வேண்டாங்கேன்,” என்றார் காதர். “நாம என்ன தர்மத்துக்கா கையேந்துதோம்? வாத்தியாரய்யா, வேற நல்ல சொல்லாப் பாத்துப் போடுங்க.”

பென்ஷன் என்று எழுத என் கை கூசிற்று. ஓய்வு பெற்றபின் வரும் ஊதியமாதலின் ‘ஓய்வூதியம்’ என்று நானே ஒரு சொல் ஆக்கினேன். புணர்ச்சியில் வழுவில்லை. எந்தச் சர்க்கார் கச்சேரியிலும் வழங்காத சொல் அது என்பதை மட்டும் எண்ணவில்லை. வேலையின்றி ஓய்ந்திருக்கும் நாள்களுக்குக் கேட்கும் கூலி என்று பொருள்கொண்டு இலாகா மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்தில் எழுதிவிட்டார். அத்தகைய கூலிக்கு விதியில்லை என்று ஒரே வரியுடன் விண்ணப்பம் திரும்பிற்று.

“வாத்தியாரய்யா, சும்மா இருக்கதுக்குல்லா கூலி கேட்டுட்டிய!” என்று காதர் சிரித்தார். மற்றவர் சிரிக்கவில்லை. மறுபடி எழுதித் தருகிறேன் என்றேன்; கேட்பாரில்லை. வேலையை நிறுத்துவதென்று முடிவாயிற்று. அன்றுமுதல் இலாகாச் சொற்களை வழங்கியவாறே எழுதிவருகிறேன்.

ஏனையோர்க்கு ஓய்வுபெற நெடுங்காலம் இருந்தது. தமையனார்க்கு எஞ்சியவை எட்டுத் திங்களே. அவருக்குச் சான்று தருவதாக மேலதிகாரியாகிய ஓவர்சியர் வாய்மொழியும் கொடுத்திருந்தார். விடுப்பின்றி ஒரு நாள் வாராதிருந்தாலும் ஊழியம் முறிந்ததாகும். முறிந்தால் முன்பு உழைத்த ஆண்டுகள் கணக்கில் வாரா. இதனோடு இன்னொன்றும் சேர்ந்தது. கார்ப்பயிர் பால்பிடிக்கும் பருவம் அது. கடைமடை ஊர்களுக்கு முறைத்தண்ணீர் விடவேண்டிய நாள், வேலைநிறுத்தத்தின் இரண்டாம் நாளாக அமைந்தது.

“நீங்க வேலைக்குப் போங்க அண்ணாச்சி. ஒருத்தனும் ஒண்ணும் சொல்ல மாட்டான்,” என்றார் காதர். தமையனார் அப்போது உண்டுகொண்டிருந்தார்.

“சொல்ல மாட்டான். மொகத்தைத் திருப்பிக்கிடுவான்.”

“அப்பம் எங்ககூட இருங்க.”

“பயிரு உனக்கு என்னலே செஞ்சுது?”

“அதை ஓவர்சியர்ட்டப் போயிக் கேளுங்க. எங்கிட்டக் கேக்கியளே!”

தமையனார் எழுந்து கைகழுவினார்.

மூன்று நாளும் அவர் பணிக்கு வரவில்லை என்று வருகைப் பதிவு சொல்கிறது. அந்நாள்களில் அவர் என் வீட்டில் தங்கியிருந்தார். முதல் நாளும் மூன்றாம் நாளும் வீட்டைவிட்டு அகலவில்லை. இரண்டாம் நாள் காலையில் வெளியே சென்றவர் பிற்பகலில் திரும்பினார். அன்று நண்பகலில் தலைமதகு திறந்திருக்கக் கண்டனர். கடைமடைவரை நீர் சென்றது.

நான்காம் நாள் எல்லாரும் பணிக்குத் திரும்பினர். கேட்டது எதுவும் கிடைக்கவில்லை. ஓவர்சியர் தமையனாரைத் தனியே அழைத்தார். துணைக்குச் சென்ற நான் உடனிருந்தேன், காதர் வாசலில் நின்றார்.

“மதகைத் தூக்குனது நீருதானா வே? ஆமான்னு சொல்லும். அன்னைக்கு வேலை பாத்தீருன்னு எழுதிருதேன். மத்த ரெண்டு நாளும் லீவுன்னு போட்டுக்கிடலாம். உம்ம சர்வீஸ் முறியாது.”

“எனக்குத் தெரியாதுய்யா.”

“எட்டு மாசம் வே! யோசிச்சுப் பேசும்.”

“தெரியாதுய்யா.”

ஊழியம் முறிந்ததாகப் பதிவாயிற்று. எட்டுத் திங்கள் கழிந்தபின் வெறுங்கையோடு அனுப்பப்பட்டார். அதன்பின் என் வீட்டில் இருந்தார். விண்ணப்பத்தில் நேர்ந்த சொற்குற்றம் என்னுடையது. அதனை ஒருநாளும் அவர் சொல்லிக்காட்டியதில்லை.

ஐரோப்பாவில் யுத்தம் மூண்ட மறு ஆண்டு காய்ச்சலிற் படுத்தார். ஒருநாள் கேட்டுவிட்டேன்.

“அண்ணே, அன்னைக்கு மதகைத் தெறந்தது நீங்கதானா?”

“அந்தக் காருப் பூவு நெல்லு வெளஞ்சுதுல்லா?”

“வெளஞ்சுது.”

“பொறவு என்னலே?”

சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அதன்பின் தண்ணீர் கேட்டதன்றி அவர் வேறொன்றும் பேசியதாக நினைவில்லை. மூன்றாம் நாள் உயிர் பிரிந்தது. நான் அழவில்லை. இந்த ஓராண்டிலும் அழுகை வரவில்லை. கேட்பவர்க்கு விடை கூறுகிறேன், பள்ளிக்குச் செல்கிறேன், உண்கிறேன்.

நோய்க்காலத்தில் நாள்தோறும் வந்து தமையனாரைப் புரட்டிப் படுக்கவைத்த காதர் அவர்களுக்கும், விலை கேளாது மருந்து தந்த வைத்தியர்க்கும், இறுதிக் கடனுக்கு வண்டியில் நெல்லும் வாழையிலையும் அனுப்பிய கடைமடை ஊரார்க்கும், தாள் அரிதான இக்காலத்தில் இதனை அச்சிட்டளித்தவர்க்கும் எங்கள் குடும்பம் கடப்பாடுடையது.

பயிர் காத்தவர் என்று அவரை இந்நூலிற் குறிக்குமாறு கடைமடை ஊரார் வேண்டினர். கடைசிவரை தோழரோடு நின்றவர் என்று குறிக்குமாறு காதர் அவர்கள் வேண்டினார். இரண்டையும் நான் எழுதவில்லை. மதகைத் திறந்தவரைக் கண்டவர் எவரையும் நான் சந்திக்கவில்லை. அன்று காலை தமையனார் எங்கே சென்றார் என்பது தெரியவில்லை.