கோழிப்பண்ணைக் கணினி கக்கிய வரி

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் பாதியில் எழுந்து டீ குடிக்கப் போகிற ஆள் நான். பயத்தினால் அல்ல. என் மனைவி இதை நம்பமாட்டாள், நீங்களும் நம்பவேண்டாம், கேட்டால் போதும்.

அஸ்தம்பட்டியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். ஒருநாள் காலை நாமக்கல் பக்கம் ஒரு கோழிப்பண்ணைக்குப் போனேன். அங்கிருந்த கணினியின் நெட்வொர்க் டிரைவரில், அதாவது செய்திகளை வெளியே அனுப்பும் மென்பொருளில், ஒரு ஓட்டை. சின்னச் செய்தி அனுப்பினால் மிச்ச இடத்தைத் துடைக்காமல், மெமரியில் கிடக்கும் பழைய குப்பையையும் சேர்த்து அனுப்பிவிடும். கழுவாத அட்டையில் புது முட்டை அடுக்குகிற மாதிரி. பேசாமல் அடைத்துவிட்டு வந்திருக்கலாம். வித்தை காட்டும் புத்தி விடுமா? லேப்டாப்பை இணைத்து, பண்ணைக்காரர் செல்வராசுவின் மனைவி பூங்கொடியைக் கூப்பிட்டேன்.

"வா அம்மிணி, உன் ரகசியமெல்லாம் எப்பிடிக் கசியுதுன்னு பாரு."

குப்பைக்கு நடுவே, ஆங்கில எழுத்தில் தமிழாக ஒரு வரி: "அண்ணா, மோட்டார் ரூம்ல மாமாவுக்குக் கரண்டு அடிச்சிருச்சு, சீக்கிரம் வாங்க."

பூங்கொடிக்கு முகம் வெளுத்தது. "எங்கண்ணனுக்கு நான் இப்பிடித்தானுங்க எழுதுவேன். ஆனா இத எழுதவே இல்லீங்களே. வெளையாடறீங்களாங்ண்ணா?"

"சத்தியமா நானில்ல. உம் புருசன் எங்க?"

"மோட்டார் ஓடலைன்னு இப்பத்தானுங்க..."

முடிக்கவில்லை, ஓடினாள். நானும் ஒற்றைச் செருப்போடு ஓடினேன். செல்வராசு மோட்டாரை நோக்கிக் கை நீட்டிக்கொண்டிருந்தார்.

"மாமா, தொடாதீங்க!"

"ஏம்புள்ள இந்தக் கத்து கத்தற?" என்று முனகிக்கொண்டே டெஸ்டரை வைத்தார். மோட்டாரின் வெளி உடம்பில் பட்டதுமே டெஸ்டர் விளக்கு எரிந்தது, அங்கேயே கரண்டு. கையைச் சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"ஆரு சொன்னது?" என்றார். மெமரியைப் பற்றி மூன்று மணி நேரம் பேசக்கூடிய நான், கணினி இருந்த பக்கம் கையைக் காட்டினேன்.

கணினியை அணைத்தால் மெமரி காலி. அன்று அதை ஆன் செய்ததே நான்தான். அதற்குப் பிறகு யாரும் விசைப்பலகையைத் தொடவில்லை. எழுதி அழித்தது அதில் கிடக்கும், எழுதாதது எப்படிக் கிடக்கும்?

"அடைக்கறதுக்கு முன்னால இன்னொருக்காப் பாக்கலாமுங்களா?" என்று பூங்கொடி கேட்டாள். வீராதி வீரனான நான் கண்ணை மூடிக்கொண்டு அடைத்துவிட்டேன்.

போன வாரம்தான் தெரிந்தது, என் கடைக் கணினியிலும் அதே ஓட்டை. இன்னும் அடைக்கவில்லை. உள்ளே பார்க்கவும் இல்லை.