ஓடாத கோச்சியின் கொண்டக்ரர்

வலது காலில் நின்று, பிறகு இடது காலுக்கு மாறி, மறுபடியும் வலது காலுக்கு வருகிறாள் கலாவதி. பழைய ரயில் பெட்டியின் பின்பக்கத்துத் திறந்த மேடையில், இரும்புக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அழுகிற பிள்ளையை இடுப்பில் வைத்து ஆட்டுகிறவளைப்போல ஒரே கதியில் ஆடுகிறாள். உள்ளே மரவாங்குகளில் உட்கார்ந்திருக்கும் முதியவர்கள் எல்லோரும் அவளோடு சேர்ந்து மெல்ல ஆடுகிறார்கள். கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்திருக்கும் பிரவ் கெர்பர் என்ற மூதாட்டி, "ஒருவழியாகப் புறப்பட்டதே" என்று ஜெர்மனில் பெருமூச்சு விடுகிறார். புறப்படவில்லை. அந்தப் பெட்டி கடைசியாகப் புறப்பட்டதைப் பார்த்தவர்கள் யாரும் இப்போது உயிரோடு இல்லை.

துன் நகருக்கு மேலே, ஏரி தெரிகிற சரிவில், ஞாபகம் அழிந்துகொண்டு போகிறவர்களுக்கான இல்லம் ஒன்று இருக்கிறது. அதன் தோட்டத்தில், அப்பிள் மரங்களுக்கு நடுவே, ஒரு துண்டுத் தண்டவாளத்தின் மேல் இந்தப் பெட்டி நிற்கிறது. போன நூற்றாண்டு பிறந்த கையோடு, மலையடிவாரக் கிராமங்களுக்கு ஓடிய ஒரு கிளைப்பாதைக்காகச் செய்தது. ஏழைப் பாதை அது. தண்டவாளம் மெல்லிசு, பாலங்கள் நோஞ்சான், இழுக்கிற எஞ்சினும் குட்டி. ஆகவே பெட்டியை எவ்வளவு இலேசாகச் செய்யலாமோ அவ்வளவு இலேசாகச் செய்தார்கள். அச்சு இரண்டே இரண்டு. சுவர், விரல் தடிப்புப் பலகை. வாங்குகள் வெறும் மரச்சட்டங்கள். பாதையை மூடிய பிறகு ஒரு விவசாயி அதை வாங்கிக் கோழி வளர்த்தார். மழை நாளில் இப்போதும் கோழிக்கூட்டு மணம் வருகிறது என்று கலாவதி அடித்துச் சொல்வாள். மற்றவர்கள் யாருக்கும் அது மணப்பதில்லை.

சக்கரங்களுக்கு மேலிருக்கும் வில்லுத்தகடுகள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. பெட்டியில் கனம் இல்லாததால், படியில் ஒரு ஆள் கால் வைத்தாலே அது குலுங்கும். அதைக் கவனித்தவள் கலாவதி. இல்லத்தை நடத்துகிறவர்கள் சன்னலுக்கு வெளியே திரை கட்டி மலையும் மாடும் ஓடுகிற படம் காட்டலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, இவள் மேடையில் ஏறி நின்று ஆட்டிக் காட்டினாள். அன்று மாலை வீட்டுக்கு வந்து கணவன் தயாபரனிடம், "படம் காட்டினால் அது தியேட்டர் அப்பா. கோச்சியெண்டால் குலுங்கோணும்" என்றாள். ரயிலை அவள் கோச்சி என்றுதான் சொல்வாள். "நீர் ஆட்டினால் குலுங்காதோ?" என்று அவர் சிரித்தார். அப்போது தயாபரன் வீட்டில் இருந்தார். அவளையும் தெரிந்திருந்தது.

கலாவதிக்கு அறுபது தாண்டிவிட்டது. இல்லத்தில் குளிப்பாட்டுவது, உடுப்பு மாற்றுவது, ஊட்டிவிடுவது அவளுடைய வேலை. வாய் கொஞ்சம் நீளம். "உலகத்திலையே ஓடாத கோச்சிக்குக் கொண்டக்ரரா இருக்கிறவள் நான் ஒருத்திதான். சம்பளமும் இருக்கு, பென்சனும் இருக்கு" என்று பேர்ண் நகரத்துக் கோயிலில் கண்டவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். ஆட்டி முடிந்து இறங்கும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டு, "கோச்சியின்ரை சில்லு இருக்கும். என்ரை சில்லுத்தான் கழலப்போகுது" என்பாள்.

பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லவேண்டும் என்பது அவள் கட்சி. அதற்காக நடத்துநரின் நீலத் தொப்பி, தோளில் தோல்பை, பயணச்சீட்டில் துளை போடுகிற சின்னக் குறடு. ஆட்டத் தொடங்கியதும் பிரவ் கெர்பருக்கு வயிற்றைப் பிரட்டும். நிற்கிற பெட்டியில் பயண மயக்கம் வருகிற மனுஷிக்கு மருந்தாக, கலாவதியின் சட்டைப்பையில் இஞ்சி இனிப்பு இருக்கும். ஒருநாள் நிலையங்களின் பெயர் தீர்ந்துபோய், துன் நகரத்து பஸ் தரிப்பிடங்களைக் கூவிவிட்டாள். தபால்காரராக இருந்த ஹெர் லூத்தி என்ற கிழவர் எழுந்து நின்று, "அங்கே பஸ்தான் போகும். வழி தவறிவிட்டோம்!" என்று போட்ட சத்தத்தில் பெட்டியே கலவரமானது. அதற்குப் பிறகு பழைய கிளைப்பாதையின் நிலையங்களை வரிசை பிசகாமல் பாடமாக்கிக்கொண்டாள்.

தயாபரன் ஏரிக்கரை ஹோட்டல் ஒன்றின் சமையலறையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். மறதி வந்தபோது முதலில் ஜெர்மன் போனது. பிறகு பேர்ணில் இருக்கும் மகள் யாதவியின் பெயர் போனது. கடைசியில் கலாவதியும் போனாள். வீட்டில் வைத்துப் பார்க்க முடியாத நிலை வந்து, போன பனிக்காலத்தில் இதே இல்லத்தின் மேல்மாடியில் சேர்த்தார்கள். சொந்தக்காரரைச் சொந்தக்காரர் பராமரிக்கக்கூடாது என்பது அங்கே விதி. ஆகவே அவள் கீழ்மாடி, அவர் மேல்மாடி. வேலை முடிந்து அவள் அறைக்குப் போனால், "தமிழ்ப்பிள்ளையோ? எந்த இடம் தங்கச்சி?" என்று கேட்பார். "உங்கட இடந்தான்" என்பாள். "அப்பிடியோ!" என்று அவர் முகம் மலரும். அந்த மலர்ச்சிக்காக ஒவ்வொரு நாளும் போனாள். மனைவியாக இல்லாவிட்டால் என்ன, ஊர்க்காரியாகவாவது இருந்துவிட்டுப் போகிறேன் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

மேல்மாடியில் தயாபரனுக்கு ஒரு இடத்தில் இருப்பு கொள்ளாது. கதவுகளைத் தள்ளிப் பார்த்துக்கொண்டு நடந்தபடியே இருப்பார். பெட்டியில் கொண்டுவந்து இருத்தினால் மட்டும், ஆட்டம் தொடங்கியதும் அவருடைய கைகள் அடங்கி மடியில் கிடக்கும். மேடையில் நின்று கதவுக் கண்ணாடி வழியாக அதைப் பார்ப்பாள் கலாவதி. முழங்கால் கெஞ்சினாலும் நிறுத்த மனம் வராது. அவருக்கு அவள் செய்யக்கூடியதாக மிஞ்சியிருந்தது அந்த ஆட்டம் ஒன்றுதான்.

ஆனால் தொப்பியைப் போட்டுக்கொண்டு உள்ளே வந்தால் எல்லாம் கெட்டுவிடும்.

எண்பத்து நான்கில், ஊரிலிருந்து உயிர் தப்பி, விசா ஒன்றும் இல்லாமல், இத்தாலியிலிருந்து ரயிலில் எல்லை கடந்து வந்தவர் தயாபரன். அந்தக் கதையைப் பிறந்தநாள் வீடுகளில் அவர் சொன்னால் எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். "மிலானோவில ஏறி, வாங்குக்குக் கீழை நீட்டி நிமிர்ந்து படுத்திட்டன். எல்லைப் பொலிஸ்காரன்ரை சப்பாத்து என்ரை மூக்குக்கு நேரை வந்து நிக்குது. பாத்தால் லேஸ் அவிண்டு கிடக்கு. கட்டிவிடுவமோ எண்டு யோசிச்சன்!" அந்தக் கதையில் பயம் என்று ஒன்று இருந்ததே இல்லை. அவர் சொன்னதில்லை. கூட இருந்து சிரித்த கலாவதியும் ஒருநாளும் கேட்டதில்லை.

முதல் தடவை அவரைப் பெட்டிக்குக் கூட்டிவந்த நாளில், தன் கோச்சியில் அவர் வருகிறார் என்று கலாவதிக்குக் கால் நிலத்தில் பாவவில்லை. தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "பிலியெற்றே, பிட்டே!" என்று பயணச்சீட்டுக் கேட்கிற குரலில் உள்ளே நுழைந்தாள். தயாபரனின் முகம் வெளிறிப்போனது. இரண்டு கையையும் கூப்பினார். "ஐயா, என்னட்டை ஒண்டுமில்லை ஐயா. திருப்பி அனுப்பாதையுங்கோ. அங்கை சுட்டுப்போடுவாங்கள்" என்றபடி வாங்கிலிருந்து வழுகித் தரையில் இருந்தார். அடுத்த தடவை, முன்கூட்டியே அவர் சட்டைப்பையில் ஒரு சீட்டை வைத்துப் பார்த்தாள். அதை இரண்டு கையாலும் நீட்டித் தலை குனிந்தார். "இது கள்ள ரிக்கற் ஐயா. ஏஜென்சிக்காரன் ஏமாத்திப்போட்டான்." கூட வேலை செய்கிற வேறொருத்தி தொப்பி போட்டு வந்தாலும் அதே பயம். தொப்பி இல்லாமல் போனால் ஹெர் லூத்தி விடமாட்டார். "சீட்டைப் பார்க்காமல் எப்படி? நாங்கள் என்ன திருட்டுப் பயணிகளா?" என்று குதிப்பார். அவருக்கு நடத்துநர் வந்தாக வேண்டும்.

அன்று படுக்கைவிரிப்புகள் அடுக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மகளுக்குப் போன் எடுத்தாள். "கொப்பர் என்னை மறந்தது பரவாயில்லை பிள்ளை. என்னைக் கண்டு பயப்பிடுறார். அதைத்தான் தாங்கேலாமல் கிடக்கு." யாதவி, "அம்மா, அவருக்கு அது நீங்களெண்டு தெரியாதம்மா" என்றாள். இத்தனை வருஷம் தன் கையால் உண்ட மனிதன் அந்தக் கையைக் கண்டு நடுங்கும்போது, தெரிந்தால் என்ன, தெரியாவிட்டால் என்ன. ஒரேயொரு தடவை, இந்தப் பெட்டிக்குள் அவர் தன்னைப் பயமில்லாமல் பார்த்தால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

அதற்கும் நாள் முடிந்தது. போன வாரம் தயாபரன் அவசரமாக வாங்கின் கீழே புகப்போய், முழங்கையில் அடிபட்டுக் கன்றிவிட்டது. மேல்மாடிப் பொறுப்பாளர் பிரவ் ஏபி நல்ல மனுஷி. இன்று காலை கலாவதியைத் தனியே கூப்பிட்டு, தோளில் கை வைத்துச் சொன்னார். இன்றைக்கு வரட்டும், அடுத்த வாரம் முதல் அவர் மேலேயே இருக்கட்டும், அவருடைய நிம்மதிக்குத்தான். கலாவதி "ஓம்" என்று தமிழிலேயே சம்மதம் சொன்னாள். பிரவ் ஏபிக்கு அது விளங்கியது.

அப்பிள்கள் கொட்டிக் கிடக்கிற பிற்பகல். வழக்கத்தை விட நெடுநேரம் ஆட்டுகிறாள் கலாவதி. கண்ணாடிக்கு அப்பால், பின்வாங்கில், தயாபரன் நெற்றியைச் சன்னலில் சாய்த்துக்கொண்டு ஆடுகிறார். மடியில் கை அடங்கிக் கிடக்கிறது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று முழங்காலோடு பேரம் பேசுகிறாள். உள்ளே ஹெர் லூத்தி பொறுமை இழந்துவிட்டார். "நடத்துநர் எங்கே? இறங்கும் இடம் வரப்போகிறது!" பிரவ் கெர்பரும் கைப்பையைத் திறந்து சீட்டைத் தேடத் தொடங்கிவிட்டார். வேறு வழியில்லை. தொப்பியைப் போட்டுக்கொண்டு கதவைத் திறந்தாள்.

கூப்பிடக்கூட இல்லை. தொப்பியின் நிழல் தெரிந்ததும் தயாபரன் வழுகி இறங்கி, அடிபட்ட முழங்கையை ஊன்றி, வாங்கின் கீழே தவழ்ந்து போனார். காலுறை போட்ட இரண்டு பாதங்கள் மட்டும் வெளியே தெரிந்தன. அவற்றையும் மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டார். முன்வாங்கில் இருந்த பிரவ் ஏபி எழுந்தார்.

கலாவதி அவரைப் பொறுக்கச் சொல்லிக் கை காட்டினாள். நேரே ஹெர் லூத்தியிடம் போய், தன் தொப்பியைக் கழற்றி அவருடைய வழுக்கைத் தலையில் வைத்தாள். தோல்பையை அவர் தோளில் மாட்டி, துளை போடும் குறட்டைக் கையில் கொடுத்தாள். ஹெர் லூத்தி ஒருகணம் திகைத்தார். பிறகு அவருடைய முதுகு நிமிர்ந்தது. எத்தனையோ வருஷம் சீருடை போட்ட மனிதர். தொண்டையைச் செருமிக்கொண்டு, முன்வாங்கிலிருந்து தொடங்கினார். "பிலியெற்றே, பிட்டே!" அவர் அடி வைக்க வைக்கப் பெட்டி குலுங்கியது.

கலாவதி பின்வாங்கருகே முழங்காலை ஊன்றினாள். வலி சுரீரென்று இடுப்பு வரை ஏறியது. பல்லைக் கடித்துக்கொண்டு பக்கவாட்டில் சரிந்து, வாங்கின் கீழே உடம்பைத் திணித்தாள். இரண்டு பேர் நெருக்கியடித்துத்தான் அங்கே படுக்கலாம். அவளுடைய முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் அவருடைய முகம் இருந்தது. மூச்சு வேகமாக வந்துகொண்டிருந்தது. இருட்டில் அவளை உற்றுப் பார்த்தார். கண்ணில் பயம் இருந்தது. ஆனால் அது அவளைப் பார்த்த பயமில்லை.

"உங்களிட்டையும் ரிக்கற் இல்லையோ?" என்று கிசுகிசுத்தார்.

கலியாணம் கட்டிய நாளிலிருந்து அவள் அவரைக் கூப்பிடாத ஒரு சொல் வாயில் வந்தது.

"இல்லை, அண்ணை" என்றாள்.

"பிலியெற்றே, பிட்டே!" குரல் நடுவாங்கைத் தாண்டி வந்தது. பலகைத் தரை அவர்களுக்குக் கீழே அசைந்தது.

"பயப்பிடாதையுங்கோ தங்கச்சி. மூச்சுக் காட்டாதையுங்கோ. முன்னுக்குக் கிடக்கிறவனைப் பிடிச்சாங்களெண்டால், பின்னுக்குப் பாக்கமாட்டாங்கள்."

அவளுடைய தோளைப் பிடித்துச் சுவர்ப்பக்கமாக நகர்த்திவிட்டு, அவளைத் தாண்டித் தான் வெளிப்பக்கத்துக்கு ஊர்ந்து வந்தார். படுத்தபடியே தன் கம்பளிச் சட்டையை ஒரு கை ஒரு கையாகக் கழற்றி, அவளுடைய தலைமேல் இழுத்து மூடினார்.