அப்பாவின் தலைக்குள் ஓடாத றெயில்

டியூசன் கொட்டில் போட்டுப் பிழைத்தவர்களே, சோதனைக்கு வராத பாடத்தைத்தான் நாம் உயிரைக் கொடுத்துப் படிப்பிப்போம், இல்லையா?

யுத்தம் முடிந்த வருசம். ஏ.எல் சோதனை எழுதிவிட்டு முடிவு வரும்வரை எங்கள் ஊரான குருக்கள்மடத்தில் பதினோராம் வகுப்பு ஓ.எல் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் எடுத்தேன். என் மூலதனம் அறிவல்ல, தொண்டை. அதிபர், ஐயர், ஆமிக்காரன் என்று யார் குரலிலும் பேசுவேன். வீட்டில் அப்பாவுக்கு நினைவு கழன்றுகொண்டிருந்தது. மூளைக்குள் டௌ என்ற புரதம் குழம்பிவிட்டதாக டொக்டர் சொன்னார். என் பேர் அப்பாவின் வாயில் வந்தே கனகாலம். ஒருதரம் கூப்பிட்டால் போதும் என்றிருந்தது.

ஸ்டேசன் அறிவிப்பு

நரம்புக்கலத்துக்கு நீளமாக ஒரு வால். அதன் நுனியிலிருந்துதான் செய்தி அடுத்த கலத்துக்குத் தாவும். அதற்கு வேண்டிய சாமானெல்லாம் வாலுக்குள்ளே நுண்குழாய் என்னும் தண்டவாளத்தில் போகும். சிலிப்பர் கட்டைபோலக் குறுக்கே கிடந்து தண்டவாளம் ஆடாமல் பிடித்திருப்பது டௌ. இதையெல்லாம் ஸ்டேசன் அறிவிப்பாளர் குரலில் மூக்கால் அறிவித்தேன். கொட்டில் அதிரச் சிரித்தார்கள். காத்தான்குடியிலிருந்து வரும் பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை.

"அண்ணன், இது சோதினைக்கு வருமா?"

"வராது."

"அப்ப ஏன் அழுறமாதிரிப் படிப்பிக்கிறீங்க?"

புதுப் பாதை

மகனைக் கூட்டிப்போக வந்த அக்கா ஒருவர் கைக்குழந்தையோடு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். குழந்தையின் மூளை வளரும்போது நரம்புக்கலங்கள் வாலை நீட்டி மற்றக் கலங்களைத் தேடிப் போகும், அப்படி நீளும் வாலுக்குள் டௌ சேர்ந்து பாதையைத் தாங்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அக்கா குழந்தையின் உச்சியைத் தடவினார்.

"அப்ப இவட தலைக்குள்ள இப்பதான் றோட்டுப் போடுறாங்களா தம்பி? செக்பொயின்ட் வைக்காமப் போடச் சொல்லு."

பங்கர்

அகதி முகாமிலிருந்து வெளியே விட்டதும் களுதாவளை மாமி வீட்டுக்கு வந்த வன்னிப் பொடியன் ஒருவன் பின்வரிசை வாங்கில் இருப்பான். வாயே திறக்கமாட்டான். நோய் வந்தால் டௌ நுண்குழாயை விட்டுக் கழன்று, தன்னோடு தானே சிக்கிக் கட்டியாகிவிடும் என்றேன். "விளங்குதா?" என்று டொக்டரின் குரலில் கேட்டேன். அவன் எழுந்தான்.

"எங்கட பக்கம் சிலிப்பர் கட்டையைக் கழட்டி, செல்லுக்குத் தப்பப் பங்கருக்கு மேல அடுக்கினவங்கள். கட்டை இருக்கு அண்ணை. றெயில்தான் வாறேல்ல."

பெரியவன்

என் அண்ணனைச் சுனாமி கொண்டுபோனது. அப்பாவுக்கு அது மறந்துபோய்ப் பின்னேரமானால் வாசல் படலையில் நின்று, "பெரியவன் இன்னும் வரல்ல" என்பார். சோறு இறங்காது. அண்ணனின் குரலும் எனக்கு அச்சொட்டாக வரும். ஒருநாள் அடுப்படிக் குசினிக்குள் நின்று, "அப்பா, நான் வந்திட்டன்" என்றேன். முகம் மலர்ந்து வந்து சாப்பிட்டார். அதன்பிறகு பின்னேரமெல்லாம் நான் அண்ணன்தான். அந்தக் குரலைக் கேட்க எனக்கும் ஆசையாய் இருந்தது என்று வையுங்கள்.

ஒருநாள் மீன் குழம்பை ஊற்றிப் பிசைந்தவர், கையை நிறுத்தினார். என்னை நேரே பார்த்துத்தான் கேட்டார்.

"நீ வந்திட்டாய், சந்தோசம் மனே. எங்க, தம்பி குகனக் காணல்ல? அவன்ட சத்தம் கேட்டுக் கனநாளாப் போச்சு."

ஊரில் உள்ள அத்தனை குரலும் கைவசம் இருந்தும், "இந்தா இருக்கன் அப்பா" என்று சொல்லக் குகனின் குரல்தான் எனக்கு வரவில்லை.