டாக்டர் காரின் கேம் ஷாஃப்ட்

அறுபத்தேழில் ஆட்சி மாறிய மறுவருடம். குத்தாலத்தில் நான் மெக்கானிக் ஷெட் வைத்திருந்தேன். காற்றிலேயே குளிரும் எஞ்சின் கொண்ட தன் பழைய காரை எங்கள் டாக்டர் என்னிடம் விட்டார். பிரித்துப் பார்த்தால், வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட் தேய்ந்திருந்தது.

"வேகமெல்லாம் வேணாம்ப்பா. சேத்துல நின்னுடாம இழுத்தா போதும்," என்றார்.

இதே ரகப் பந்தயக் காரிலிருந்து கழற்றிய கேம் ஷாஃப்ட் ஒன்று என்னிடம் கிடந்தது. அதைப் போட்டால் வண்டி பறக்கும். மெதுவாகப் போகும்போது மட்டும் இழுவை குறையும். என் கைவேலையை ஊர் பேச வேண்டும் என்று ஆசை. அவரிடம் சொல்லாமல் அதையே போட்டேன்.

அறுவடையில் கூலித் தகராறு முற்றி ஒருவருக்கு மண்டையில் அடி. பார்க்கக் கிளம்பிய டாக்டரின் கார் வாய்க்கால் கரைச் சேற்றில் இழுக்காமல் நின்றுவிட்டது. பெட்டியோடு அவர் நடந்து போய்ச் சேர்வதற்குள் அந்த ஆள் இறந்துவிட்டார்.

மறுநாள் கார் ஷெட்டுக்கு வந்தது. எனக்கு அழுகைகூட வரவில்லை. சாதாரண கேம் ஷாஃப்ட் வாங்கி மாட்டினேன்.

டாக்டர் ஓட்டிப் பார்த்தார். "இப்ப நல்லா இழுக்குதே! என்னப்பா பண்ணே?"

"ட்யூன் பண்ணேங்க," என்றேன்.

கடைசிவரை அவர் வேறு யாரிடமும் வண்டியை விடவில்லை. ஒவ்வொரு முறையும் நான் சரியாகவே செய்து கொடுத்தேன்.