மேத்தாப் சிங்கின் மடக்கு மேசை

மேத்தாப் சிங் கூனருக்கு வாழ்க்கையில் இரண்டு கோரிக்கைகள்தான். ஒன்று, கூப்பர் தெருப் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் பிள்ளைகள் கடக்கச் சாலையில் வெள்ளைக்கோடு போட வேண்டும். மற்றது, சீக்கியர்களுக்குத் தனி நாடு வேண்டுமா வேண்டாமா என்று பஞ்சாபில் இருக்கிறவர்களிடமே வாக்கெடுத்துக் கேட்க வேண்டும். முதல் கோரிக்கை நிறைவேறப் பத்து வருடத்துக்கு மேலாயிற்று. அந்தக் கணக்கில் பார்த்தால் இரண்டாவதற்கு இன்னும் காலமிருக்கிறது என்பார்.

இரண்டாவது நிறைவேறுவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். அவருடைய போக் சடங்கில், அதாவது கடைசிப் பாராயணம் முடிந்து நினைவுகூரும் நாளில், குருத்வாராவில் எழுந்து பேசும் பொறுப்பு அஜாயப் சிங் சஹோட்டாவின் தலையில் விழுந்தது. தனி நாடு என்ற பேச்சையே முப்பது வருடமாக எதிர்த்து வந்தவர் அவர்.

இருவரும் இங்கிலாந்தின் வுல்வர்ஹாம்ப்டனுக்கு ஒரே குளிர்காலத்தில் வந்து ஒரே வார்ப்புப் பட்டறையில் சேர்ந்தவர்கள். பட்டறை மூடியதும் மேத்தாப் பஸ் ஓட்டப் போனார். அஜாயப், மூடியதை எதிர்த்து வாசலில் உட்கார்ந்தார். கம்யூனிஸ்ட் கட்சிக்காரர், கடவுள் இல்லை என்பவர். இருந்தாலும் தினம் காலையில் குருத்வாராவுக்கு வருவார். வாசல் கூடையிலிருந்து காவித் துணியை எடுத்துத் தலையில் கட்டுவார். சமையல்கூடத்தில் டீயும் பரோட்டாவும் சாப்பிட்டுவிட்டு, மதம் மக்களைக் கெடுக்கிறது என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வார். பக்கத்தில் இருப்பவர் எப்போதும் மேத்தாப்தான்.

எண்பத்து நான்காம் வருடத்துக்கு முன்பு மேத்தாப் சிங்குக்கு அரசியல் கிடையாது, கபடிதான். அந்த ஜூனில் அமிர்தசரஸ் கோயிலுக்குள் ராணுவம் புகுந்தது. நவம்பரில் டெல்லியில் அவருடைய அக்காள் கணவரைத் தெருவில் இழுத்துப் போட்டுக் கொன்றார்கள். அதன்பிறகு அவர் கபடி பார்க்கவில்லை. அஜாயப்பின் கணக்கிலும் ஒரு சாவு உண்டு. சில வருடம் கழித்து ஊரில் அவருடைய கட்சித் தோழன் ஒருவனை, தனி நாடு கேட்டுத் துப்பாக்கி தூக்கிய பையன்கள் வயலில் வைத்துச் சுட்டார்கள். ஆக, ஆளுக்கொரு பிணத்தை மடியில் வைத்துக்கொண்டுதான் இருவரும் முப்பது வருடம் எதிரெதிரே உட்கார்ந்து டீ குடித்தார்கள்.

"உங்க பசங்க சுட்டாங்களே, அவன்கிட்ட கேட்டா சுட்டாங்க?" என்பார் அஜாயப்.

"கேக்கல. தப்பு. பட்டாளம் அனுப்பினவங்க என்கிட்ட கேட்டா அனுப்பினாங்க? அதுவும் இல்ல. எங்கள யாருமே கேக்க மாட்டேங்கறாங்கப்பா, அதத்தான் நான் சொல்றேன்."

"கேட்டா நான் வேண்டாம்னுதான் சொல்லுவேன்."

"சொல்லேன்! உன்னையும் கேக்கணும்னுதானே நான் மேச போட்டு உக்காந்திருக்கேன். காம்ரேட், சுயநிர்ணயம்ங்கிற சொல்லே உங்க ஆளுங்க குடுத்தது. வியட்நாமுக்குக் குடுப்பீங்க, பாலஸ்தீனத்துக்குக் குடுப்பீங்க, அயர்லாந்துக்காரனுக்கு ஊர்வலமே போவீங்க. சொந்த வீட்டுல பேச்சு எடுத்தா மட்டும் உனக்கு இருமல் வந்துடும்."

மேசை என்றது ஒரு மடக்கு மேசை. சனிக்கிழமைதோறும் குருத்வாரா வாசலில், செருப்பு வைக்கும் அறைக்குப் பக்கத்தில், அதைப் போட்டு வாக்கெடுப்புக்கான கையெழுத்து வாங்குவார். அதே மேசையில் தெருக்காரர்களின் மனுக்களும் நடக்கும். குப்பை வண்டி வரவில்லையா, ஓய்வூதியம் நின்றுபோனதா, மாடி வீட்டு போலந்துக்காரன் ராத்திரியெல்லாம் சுவரில் துளை போடுகிறானா, எல்லாவற்றுக்கும் மேத்தாப் சிங்தான். போலந்துக்காரனும், கீழ்வீட்டுக்காரர் தாளிக்கிற புகையைப் பற்றிப் புகார் சொல்ல அவரிடமே வந்தான்.

வெள்ளைக்கோட்டின் கதையும் இதில் சேர்த்திதான். கூப்பர் தெருவில் சாலையைக் கடக்கும் ஆட்கள் குறைவு, கோடு தேவையில்லை என்று நகரசபை பதில் போட்டது. மேத்தாப் மறுபடி எழுதினார். ஆள் அனுப்பி எண்ணிப் பார்ப்பதாகச் சொன்னார்கள். எண்ண வந்த நாள் பார்த்து அவர் குருத்வாராவின் மொத்தக் கூட்டத்தையும் சாலைக்கு நடத்தினார். கிழவிகள் அந்தப் பக்கம் போனார்கள், டீ குடித்தார்கள், இந்தப் பக்கம் வந்தார்கள். எண்ண வந்த பையனுக்கும் டீயும் பக்கோடாவும் போயின. சாயங்காலம் அவன், "ஐயா, இதுல பாதிப் பேரு போன ஆளே திரும்பி வர்றாங்களே" என்றான். "தம்பி, போனவங்க திரும்பி வரணும்னுதானப்பா கோடு கேக்கறோம்" என்றார் மேத்தாப். கோடு வந்தது.

கடைசியாக ஆஸ்பத்திரியில் இருந்தபோது, ஒரு மத்தியானம், மேத்தாப் மூக்குக் குழாயை ஒரு பக்கம் தள்ளிவிட்டுச் சொன்னார்.

"என் போக்ல நீதான் பேசணும்."

"நானா? கோயில் மேடையிலயா? உங்க ஆளுங்க இல்லையா?"

"நம்ம ஆளுங்க பேசினா என்னப் பால்ல குளிப்பாட்டிடுவாங்க. கோடு போட்டாரு, பஸ் ஓட்டினாரு, நல்லவருன்னு முடிச்சுடுவாங்க. மேச விஷயத்த விழுங்கிடுவாங்க. நீ விழுங்க மாட்ட. நீ சண்டைக்காரன்."

அஜாயப் சரி என்றார். மேத்தாப்பிடம் அவர் வாதாடாமல் ஒத்துக்கொண்ட ஒரே தடவை அது.

போக்குக்கு முந்தின நாள் பிரதான் அவரைத் தேடி வந்தார். பிரதான் என்றால் குருத்வாரா நிர்வாகக் குழுத் தலைவர், பெயர் குல்வரன் சிங் சோஹி, மளிகை மொத்த வியாபாரம், நல்ல மனிதர். நல்ல மனிதர்கள் கெஞ்சும்போதுதான் மறுப்பது கடினம்.

"பாஜி, நீங்க எனக்கு அண்ணன் மாதிரி. சமையல்கூடத்துச் சுவர்ல மேத்தாப் பாஜி படம் மாட்டப்போறோம். கீழ 'சமூகத் தொண்டர்'னு பலகை. நீங்களும் கோடு விஷயத்த நல்லா பேசுங்க, ஜனங்க சிரிப்பாங்க. அந்த இன்னொரு விஷயம் மட்டும் வேண்டாம்."

"எது?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க. நவம்பர்ல இந்தியத் தூதரகத்துக்காரங்க நம்ம மண்டபத்துக்கு வந்துதான் பென்ஷன் கிழவங்களுக்கு 'உயிரோட இருக்கார்'னு கையெழுத்துப் போட்டுக் குடுக்கறாங்க. அவங்க வராமப் போனா? முட்டி போன கிழவனையெல்லாம் நான் பஸ்ல ஏத்தி பர்மிங்காம் கூட்டிட்டுப் போகணுமா?" பிறகு குரலைத் தாழ்த்தினார். "உங்களுக்கும் டிசம்பர் பயணம் இருக்கு. விசாவுக்குப் பாஸ்போர்ட் குடுத்திருக்கீங்க. பெரியவங்க, நான் சொல்லணுமா?"

சொல்ல வேண்டியதில்லை. பஞ்சாபில் பகவாடாவுக்குப் பக்கத்துக் கிராமத்தில் அஜாயப்பின் தங்கை பச்சன் கௌர் இருந்தாள். ஒவ்வொரு குளிர்காலத்தையும் அவள் வீட்டுக் கூரையில் வெயில் காய்ந்து, கடுகுக்கீரை தின்று, அவளோடு சண்டை போட்டுக் கழிப்பவர் அவர். இந்த வருடம் அவளுக்குச் சிறுநீரகம் கெட்டுக்கொண்டிருந்தது. மேடையில் சொல்லும் ஒரு வாக்கியத்துக்காக விசா நிற்குமா, நிற்காதா? யாருக்கும் தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் அந்தப் பயத்தின் பலமே. தான் நம்பாத ஒன்றைச் சொல்லி, தான் வேண்டுகிற ஒன்றை இழப்பதா என்று அஜாயப் ராத்திரி யோசித்தார். காலையிலும் அதையே யோசித்துக்கொண்டு காவித் துணியைக் கட்டினார்.

மண்டபம் நிறைந்திருந்தது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். போலந்துக்காரன்கூடத் தலையில் துணியோடு சம்மணம் போடத் தெரியாமல் தவித்துக்கொண்டிருந்தான். பாராயணம் முடிந்தது. எல்லோரும் எழுந்து நின்று அர்தாஸ் என்னும் பிரார்த்தனையைச் செய்தார்கள். பிரிவினையில் எல்லைக்கு அப்பால் போன கோயில்களின் கதவு எங்களுக்குத் திறக்க வேண்டும் என்ற வரி வந்தது. முடிவில், கால்ஸா, அதாவது சீக்கியர் சமூகம், ஆளும் என்று எல்லோரும் பாடினார்கள். தினமும் பாடுவதுதான். அரசியல் வேண்டாம் என்ற பிரதானும் ராகம் தவறாமல் பாடினார். ஆட்சி எங்களுடையது என்று காலையும் மாலையும் பாடிவிட்டு, அதைப் பற்றிப் பேச மட்டும் கூச்சப்படும் ஜனம் உலகத்தில் வேறெங்காவது உண்டா என்று அஜாயப்புக்குத் தோன்றியது. மேத்தாப் இருந்திருந்தால் விலாவில் இடித்துச் சொல்லியிருப்பார்.

கூப்பிட்டதும் எழுந்து போனார். கோடு கதையைச் சொன்னார். சிரித்தார்கள். பிரதான் நிம்மதியாகத் தாடியைத் தடவினார்.

"ஆனா கோடு கதையோட கருத்து என்னன்னு யோசிங்க," என்றார் அஜாயப். "இங்க யாரும் கடக்கறதில்லன்னு ஒருத்தன் ஆபீஸ்ல உக்காந்து முடிவு பண்ணான். எங்களக் கேளுங்கன்னு மேத்தாப் சொன்னான். அவ்வளவுதான். அதே மேசையில அதே ஆள், பஞ்சாப்ல இருக்கிற சீக்கியனையும் கேளுங்கன்னு சொன்னான். தனியா இருக்கியா, சேந்திருக்கியா, நீயே சொல்லுன்னு. கேட்டா நான் வேண்டாம்னுதான் சொல்லுவேன், அது உங்க எல்லாருக்கும் தெரியும். ஆனா வேண்டாம்னு சொல்றதுக்கும் என்னைய ஒருத்தன் கேக்கணும்ல? கேக்கறதுக்கே பயப்படற அரசாங்கத்தோட என்னால சேந்து நிக்க முடியாது. முப்பது வருஷம் இத அவன்கிட்ட ஒத்துக்கல. இப்ப ஒத்துக்கறேன். கேக்கறது நம்ம உரிமை, அத யாரும் பிச்சையாப் போட வேண்டாம்."

தொழிற்சங்கப் பழக்கம் விடவில்லை. அஜாயப் தீர்மானம் கொண்டுவந்தார்.

"அவன் படத்துக்குக் கீழ, 'மக்களைக் கேளுங்கள் என்றார்'னு எழுதணும்னு முன்மொழியறேன். ஆதரிக்கிறவங்க கை தூக்குங்க."

அவருடைய கை மட்டும் தூக்கியபடி நின்றது. வேறு ஒரு கையும் எழவில்லை. எல்லோரும் பிரதானைப் பார்த்தார்கள். பிரதான் கம்பளத்தைப் பார்த்தார்.

பெண்கள் பக்கத்திலிருந்து மேத்தாப்பின் மனைவி தல்பீர் கௌரின் குரல் வந்தது. "காம்ரேட், இது ஃபேக்டரி கேட் இல்ல. இங்க யாரும் கை தூக்க மாட்டாங்க. ஜய்காரா விடுங்க."

அங்கே எந்தத் தீர்மானமும் ஜய்காரா என்ற கோஷத்தால்தான் நிறைவேறும். ஒருவர் கூவுவார், கூட்டம் பதில் முழங்கும், முடிந்தது. நாற்பது வருடமாக மற்றவர்கள் முழங்கும்போதெல்லாம் அஜாயப் இருமிக்கொண்டிருந்தவர்.

"பாபி, நானா?" என்றார் அஜாயப், அண்ணி முறை வைத்து.

"செத்தவருக்கு வாக்குக் குடுத்தது நீங்களா, நானா?"

அஜாயப் தொண்டையைச் செருமினார். பிறகு வார்ப்புப் பட்டறை இரைச்சலில் பழகிய அந்தக் குரலில் கூவினார்: "போலே சோ நிஹால்!"

"சத் ஸ்ரீ அகால்!"

கூரை அதிர்ந்தது. பால்குடிக் குழந்தைப் பருவத்திலிருந்தே அவர்களுக்கு இந்தக் கூவலுக்குப் பதில் சொல்லித்தான் பழக்கம். தும்மலை அடக்கினாலும் அடக்கலாம், இதை அடக்க முடியாது. எல்லோரையும்விட உரக்க முழங்கியவர் பிரதான் சோஹி. முழங்கிய வாய் மூடுவதற்குள், எதற்கு முழங்கினோம் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது.

சாப்பாட்டுப் பந்தியில் சண்டை. "அது பழக்கத்துல வந்த சத்தம் பாஜி! அத ஒப்புதல்னு எப்படிச் சொல்றீங்க?" என்றார் பிரதான், கையில் பருப்புக் கிண்ணத்தோடு.

பாராயணம் செய்த கியானி, சப்பாத்தியைப் பிய்த்துக்கொண்டே, "ஜய்காரா விட்டா விட்டதுதான் பிரதான்ஜி. திருப்பி எடுக்கணும்னா அஞ்சு பேர் முன்னாடி நின்னு மன்னிப்புக் கேக்கணும். இன்னைக்கே வெச்சுக்கலாமா?" என்றார்.

பிரதான் அஜாயப்பிடம் திரும்பினார். "சரி, என்னை விடுங்க. மக்களக் கேக்கணும், கேக்கணும்னு பேசினீங்களே, நீங்க இப்ப கேட்ட லட்சணம் இதுதானா?"

அஜாயப் கையிலிருந்த கவளத்தைத் தட்டில் வைத்தார். பிரதான் சொன்னது சரி. முப்பது வருட வாதத்தில் மேத்தாப்கூட அவரை இப்படி மடக்கியதில்லை.

"தப்புதான்," என்றார். "ஒழுங்காக் கேப்போம்."

அடுத்த சனிக்கிழமை தல்பீர் கௌரின் கார் கொட்டகையிலிருந்து மடக்கு மேசை வந்தது. ஒரு கால் ஆடியது. மேத்தாப் அதற்கு மடித்து வைத்திருந்த பழைய பஸ் டிக்கெட் இன்னும் காலில் ஒட்டிக்கொண்டிருந்தது. அஜாயப் செருப்பு அறைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பலகையில் அந்த வாக்கியம் வேண்டுமா வேண்டாமா என்று ஒவ்வொருவராகக் கேட்டார். சில பேர் ஒதுங்கிப் போனார்கள். சில பேர் வேண்டாம் என்றார்கள். பெரும்பாலானவர்கள் வேண்டும் என்றார்கள். பிரதான் வரிசையில் நின்று வந்து, எல்லோரும் பார்க்கும்படி 'வேண்டாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"இதுக்குத்தான் மேசை," என்றார் அஜாயப்.

"பலகை செலவு கமிட்டியோடது," என்றார் பிரதான் முறைப்பாக. "எழுத்து கோணலா இருந்தா என்னைக் குத்தம் சொல்லக் கூடாது."

பலகை மாட்டியாயிற்று. நவம்பரில் தூதரகத்துக்காரர்கள் வந்தார்கள். கிழவர்கள் உயிரோடு இருப்பதை உறுதி செய்தார்கள். சமையல்கூடத்தில் அந்தப் பலகைக்கு நேர் கீழே உட்கார்ந்து டீ குடித்தார்கள். ஒருவர் அதைப் படித்தார். இன்னொரு டீ கேட்டார். அஜாயப்பின் பாஸ்போர்ட் டிசம்பர் பிறந்தும் திரும்பி வரவில்லை. காரணம் பலகையா, வழக்கமான தாமதமா என்று கேட்டால் சொல்ல ஆளில்லை.

பச்சன் கௌர் போன் செய்தாள்.

"பாஜி, என்னமோ மேடையில பேசினியாமே. இங்கெல்லாம் சொல்றாங்க. நீயா? சாமி இல்லங்கறவனா?"

"நான்தான். கோவமா?"

"வராமப் போனா கோவம்தான். கீரை முத்திப் போச்சு." என்றாள். "ஆனா எழுபது வயசாச்சு, கல்யாணத்துக்குக்கூட என்னைய யாரும் கேக்கல. கேக்கச் சொன்னது ஒண்ணும் தப்பில்ல. டயாலிசிஸுக்கு நேரமாச்சு, வெச்சிடறேன்."

சனிக்கிழமைகளில் அஜாயப் இப்போதும் மேசை போடுகிறார். பலகை வேலை முடிந்துவிட்டதால், மேத்தாப்பின் பழைய வேலை, வாக்கெடுப்புக்கான கையெழுத்து. தலையில் காவித் துணி, கையில் டீ. தபால்காரர் தெருவில் திரும்பும்போது மட்டும் ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பார். வெள்ளைக்கோட்டில் கார் நிற்க, ஆட்கள் கடந்து வருவார்கள்.

"காம்ரேட், இதுல உங்க ஓட்டு எந்தப் பக்கம்?" என்று போன வாரம் ஒருவர் நக்கலாகக் கேட்டார்.

"வேண்டாம்னுதான்," என்றார் அஜாயப். பேனாவை நீட்டினார். "இங்க போடு கையெழுத்த."