சைக்கிளுக்கு விட்ட கடப்பு

எங்கள் வீட்டில் ரோட்டைப் பற்றி மூன்று கட்சிகள் இருந்தன. வாப்பா சைக்கிள் கட்சி. கல்முனைக்குடிக் கடற்கரையில் மீன் எடுத்து, கரியரில் பெட்டி கட்டி, வயல் பக்கத்து ஊர்களுக்குக் கொண்டுபோய் விற்று வருவார். மாமா வேன் கட்சி. உம்மாவின் தம்பியான அவர் யாரோ ஒரு முதலாளியின் வேனை அக்கரைப்பற்றுக்கும் கல்முனைக்கும் இடையில் ஓட்டிவிட்டு, சோற்றுக்கும் தூக்கத்துக்கும் எங்கள் வீட்டுக்கு வருவார். ராத்தா நடைக் கட்சி. என் ஒரே மூத்த சகோதரியான அவளுக்குப் பள்ளிக்கூடமும் மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம், பள்ளிவாசலும் அந்தப் பக்கம். எங்கள் வீட்டு வளவு கடல் பக்கம். ஆகவே அவள் எந்த நேரமும் அந்த ரோட்டைக் கடந்துகொண்டே இருந்தாள். நான் அவளுடைய கையில் தொங்கிக்கொண்டு போனதால் எனக்கென்று தனிக் கட்சி இல்லை.

சாப்பாட்டுப் பாயில்தான் கட்சிக் கூட்டம் நடக்கும்.

"மச்சான், உங்கட சைக்கிளுக்கு பிரேக் எங்க இரிக்கி? செருப்புத்தானே பிரேக்?" என்று மாமா தொடங்குவார்.

"என்ட செருப்பு தேஞ்சா எனக்குத்தான் நட்டம். நீ ஹோர்ன் அடிச்சா முன்னுக்குப் போறவன்ட ஈரல் கருகுது. ஒனக்கு லைசன் தந்தவன் அண்டைக்கு கண்ணாடிய வீட்டில வெச்சிட்டு வந்திருப்பான்" என்பார் வாப்பா.

"நீங்க ரெண்டு பேரும் பறந்து போங்க. நடக்கிற ஆக்களுக்கு ரோட்டில எடம் எது எண்டு ஒருக்கா காட்டுங்க பாப்பம்." இது ராத்தா.

"பொட்டப் புள்ளையள் கைகோத்துக்கிட்டு வரிசையா வந்தா எங்களுக்குத்தான் எடமில்ல." இது மாமா.

சோத்த வெச்சிட்டு ரோட்டத் திங்கிறீங்களே என்று உம்மா அதட்டுவதோடு கூட்டம் கலையும்.

மீன் சுற்றுவதற்கென்று வாப்பா பழைய பத்திரிகைகள் வாங்கி வருவார். அவை மீனுக்குப் போகுமுன் ராத்தாவின் கைக்குப் போகும். எங்கள் குடும்பத்தில் எழுத்துக் கூட்டாமல் வாசித்த முதல் ஆள் அவள்தான். விபத்துச் செய்தி ஏதும் கண்டால் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வாசிப்பாள். மோதியது சைக்கிள் என்றால் மாமா வாப்பாவைப் பார்த்துச் சிரிப்பார். வேன் என்றால் வாப்பா மாமாவைப் பார்த்துச் சிரிப்பார். அடிபட்டவர் நடந்து போனவராக இருந்துவிட்டால் மட்டும் இரண்டு பேரும் ஒற்றுமையாகிவிடுவார்கள். "பாத்துப் போகத் தெரியாத ஆக்கள்" என்று சொல்லிவிட்டு அடுத்த கவளத்தை எடுப்பார்கள்.

யுத்தம் நடந்த, இருட்டினால் ரோட்டில் நிற்க யாரும் விரும்பாத காலம் அது. அதோடு நோன்பும் சேர்ந்துவிட்டால் பின்னேரத்தில் அந்த ரோட்டுக்குப் பேய் பிடித்துவிடும். நோன்பு திறக்கிற மஃரிப் பாங்கு சொல்லுமுன் வீட்டில் இருக்க வேண்டும் என்ற ஒரே எண்ணத்தில் வேன்கள் ஒன்றையொன்று முந்தும். சைக்கிள்காரர்களுக்குக் காலையிலிருந்து குடியாத களைப்பு. ஹேண்டில் தன்பாட்டில் போகும். இந்த இரண்டுக்கும் நடுவில் நாங்கள் கஞ்சி வாளிகளோடு போவோம். பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி கொடுப்பார்கள். கடல் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கஞ்சி கொண்டுவருவது பிள்ளைகளின் வேலை. கொதிக்கக் கொதிக்க நிரம்பிய வாளியோடு ஓடவும் முடியாது, நிற்கவும் முடியாது. ஊர் முழுக்க அவசரப்படும் அந்த நேரத்தில் மெதுவாக நடந்தே தீர வேண்டியவர்கள் நாங்கள் மட்டும்தான்.

அந்த வருடம் நோன்பு தொடங்கிய கொஞ்ச நாளில் பக்கத்து வளவுப் பொடியன் ஒருவனைச் சைக்கிள் இடித்துவிட்டது. மருதமுனையிலிருந்து விற்பதற்குக் கைத்தறிச் சாரன் கட்டுகளோடு வந்த ஒரு மனிதர், பின்னால் வந்த வேனுக்குப் பயந்து ஓரத்துக்கு ஒடித்திருக்கிறார். ஓரத்தில் அவன் வாளியோடு நின்றான். கஞ்சி முழுக்க அவனுடைய தொடையில் கொட்டியது. சந்தி கூடிவிட்டது. வேன்காரன் தள்ளினான் என்றார் சாரன்காரர். அந்த வேன் எப்போதோ போய்விட்டிருந்தது. அடுத்து வந்த வேன்காரன் தலையை வெளியே நீட்டி, "நடு ரோட்டில சைக்கிள் ஓடுற ஆக்களுக்கு நாங்க என்ன சலாம் சொல்லிட்டா போற?" என்று கேட்டான். சிறுசுகளைத் தனியே ரோட்டுக்கு விட்டவர்களைச் சொல்ல வேண்டும் என்றார் ஒரு பெரியவர். சாரன் கட்டில் கஞ்சி பட்டதற்கும் ஒரு வழக்கு நடந்தது. எல்லோரும் கதைத்து முடிக்கும்வரை அந்தப் பொடியன் கஞ்சிக்குள்ளேயே உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தான். கடையிலிருந்து தண்ணீர் வாங்கி வந்து அவனுடைய காலில் ஊற்றியது ராத்தாதான்.

அடுத்த நாள் பள்ளிவாசல் முற்றத்தில் கூடினார்கள். ரோட்டுக்குக் குறுக்கே ஒரு தென்னங்குற்றியைப் போட்டுவிட்டால் வேன்கள் தானாகவே நின்று ஏறி இறங்கும் என்று முடிவாயிற்று. கடற்கரையில் சரிந்து கிடந்த மரமொன்றை இளைஞர்கள் உருட்டிக்கொண்டு வந்தார்கள். அல்லாஹு அக்பர் சொல்லிப் போட்டும் விட்டார்கள். போட்ட பிறகுதான் குற்றி ரோட்டின் அகலத்துக்குக் காணாது என்று தெரிந்தது. பள்ளிவாசல் பக்கத்தில் தார் ஓரமும் மணலும் திறந்தே கிடந்தன. இன்னொரு துண்டு வெட்டி வருகிறோம் என்று கிளம்பியவர்களை வாப்பாதான் மறித்தார்.

"அத அப்படியே விடுங்கடா தம்பிமாரே. குத்தியில ஏறி எறங்கினா மீன் ரோட்டில, பெட்டி என்ட தலையில. சைக்கிளுக்கு ஒரு கடப்பு வேணும்."

வேலியில் ஆள் நுழைய விடுகிற வழிக்குத்தான் எங்கள் பக்கத்தில் கடப்பு என்பது. அந்தச் சொல் எல்லோருக்கும் பிடித்துவிட்டது. சைக்கிள்காரர்கள் முழுக்க வாப்பாவின் பக்கம் சேர்ந்துகொண்டார்கள். நடக்கிறவர்களும் அந்தக் கடப்பால் போகலாம், குற்றி தாண்டத் தேவையில்லை என்று மரைக்கார் தீர்ப்புச் சொன்னார். பள்ளிவாசல் காரியங்களையும் குடும்பச் சண்டைகளையும் தீர்த்து வைக்கிற பெரிய மனிதர் அவர். அவர் சொன்னால் சரி.

வேன்காரர்களின் சார்பில் அங்கே நின்றது மாமா ஒருவர்தான். "மச்சான், ஒங்களுக்கு விட்ட கடப்பால நானும் வருவன், பாருங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். வாப்பாவும் சிரித்தார்.

முதல் சில நாட்கள் பெருநாள் மாதிரி இருந்தன. வேன்கள் முக்கி முனகிக் குற்றியில் ஏறுவதைப் பார்க்க நாங்கள் வேளைக்கே போய்விடுவோம். உள்ளே இருப்பவர்களின் தலை கூரையில் இடிபடும்போது, "இன்னொருக்கா, இன்னொருக்கா!" என்று கத்துவோம். பிறகு வேன்கள் பழகிக்கொண்டன. குற்றிக்கு முன்னால் வேகத்தைக் குறைப்பதற்குப் பதிலாகக் கூட்டி, ஒரு பக்கச் சக்கரத்தை மணலில் இறக்கி, கடப்பால் ஒரே வீச்சில் போயின. வருகிற சைக்கிளும் போகிற சைக்கிளும் அதால்தான் போயின. நாங்களும் கஞ்சி வாளியோடு அதில்தான் நின்றோம். முன்பெல்லாம் அகன்ற ஒரு ரோட்டில் சண்டை பிடித்தவர்களை, ஊர் கூடி ஒரு வாசலுக்குள் தள்ளிவிட்டிருந்தது. இதை இப்போது எழுதுவது சுலபம். அன்று முற்றத்தில் அத்தனை பெரிய தலைகள் நின்றும் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அப்படியான ஒரு நாள், விறகு ஈரமென்று கஞ்சி சுணங்கிவிட்டது. வாளியோடு நாங்கள் ரோட்டுக்கு வரும்போது வெயில் போய்விட்டது. ராத்தா முன்னால், நான் அவளுடைய தாவணி நுனியைப் பிடித்துக்கொண்டு பின்னால். வாப்பாவை நான்தான் முதலில் கண்டேன். வெறும் பெட்டியோடு வந்துகொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் ரப்பர் ஹோர்னை அமத்தினார். அவருக்குப் பின்னால் இன்னொரு ஹோர்ன் கேட்டது. மாமாவின் வேன். எங்கள் வீட்டு மூன்று கட்சியும் ஒரே இடத்தில் சந்திப்பதைப் பார்த்து எனக்கு ஒரே சந்தோஷம். மாமாவும் வாப்பாவும் பந்தயம் ஓடுகிறார்கள் என்று நினைத்தேன்.

வாப்பா கடப்புக்குள் வந்த அதே நேரம் வேனும் வந்தது. வாப்பா ஹேண்டிலை எங்கள் பக்கம் ஒடித்தார். செருப்பு தரையில் இழுபட்டது. மீன் பெட்டியின் மூலை ராத்தாவின் இடுப்பில் அடிக்க, அவள் சுழன்று ரோட்டுப் பக்கம் விழுந்தாள். வேனின் பின்சக்கரம் அவளுடைய காலில் ஏறி இறங்கியது. குற்றியில் ஏறி இறங்குவது போலத்தான் இருந்தது.

அப்போதுதான் பாங்கு சொன்னது. வேனிலிருந்தவர்கள் இறங்கிக்கொள்ள, மாமா ராத்தாவைத் தூக்கி உள்ளே கிடத்தினார். வாப்பா அவளுடைய தலையை மடியில் வைத்துக்கொண்டார். வேன் ஆசுபத்திரிக்குப் பறந்தது. நான் சைக்கிளுக்குக் காவல் நின்றேன். அதன் ஒரு சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. யாரோ என்னுடைய வாயில் ஒரு பேரீச்சம்பழத்தை வைத்தார்கள்.

மறுநாள் மரைக்கார் ஆசுபத்திரிக்கு வந்தார். பொலிஸ் கேட்டால் என்ன சொல்வது என்று முடிவு செய்ய வேண்டியிருந்தது. வாப்பா சுவரோரம் நின்றார். மாமா உள்ளே வராமல் கதவடியில் நின்றார். உம்மா கட்டிலில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார். நான் ராத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"புள்ள, பயப்படாமச் சொல்லு. ஆரு இடிச்ச?"

ராத்தா வாப்பாவைப் பார்த்தாள். மாமாவைப் பார்த்தாள். இரண்டு பேரும் கீழே பார்த்தார்கள்.

"ஒருத்தரும் இடிக்கல்ல. நான்தான் பாக்காமப் போய்க் குத்தியில தடக்கி விழுந்த."

நான் வாயைத் திறந்தேன். என் கையில் அவளுடைய நகம் இறங்கியது. வலியில் வாய் தானாக மூடிக்கொண்டது.

மரைக்கார் பெருமூச்சு விட்டார். அல்லாஹ்வின் கத்ர், அவன் விதித்தது என்றார். "ரோட்டில கண்ணத் தொறந்து போகோணும் மகள்" என்று அவளுடைய தலையைத் தடவினார். அத்தோடு வழக்கு முடிந்தது. சைக்கிள்காரர்களிலும் குற்றமில்லை, வேன்காரர்களிலும் குற்றமில்லை என்பதில் ஊருக்கே ஒரு ஆறுதல். நடக்கும்போது கவனமாக நடக்கும்படி அந்த வெள்ளிக்கிழமை பிள்ளைகளுக்குப் புத்தி சொன்னார்கள். குற்றிதான் தடக்கியது என்பதால் குற்றியை இழுத்து ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் போட்டார்கள். வேன்கள் பழைய வேகத்தில் போயின. அடுத்த நோன்பு வருமுன் அதே இடத்தில் இன்னொரு வீட்டுப் பிள்ளை அடிபட்டது. அதைப் பற்றி ராத்தா வாசித்துக் காட்டவில்லை. வீட்டில் கட்சிக் கூட்டமே நடக்காமல் போயிருந்தது. மாமா வேன் சாவியை முதலாளியிடம் கொடுத்துவிட்டு, சாப்பாட்டுக்கும் வராமல் எங்கோ போய்விட்டார்.

ராத்தாவின் கால் பிறகு நேராகவே இல்லை. பள்ளிக்கூடத்திலிருந்து நிற்பாட்டினோம் என்று யாரும் சொன்னதில்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கம் அவள் போகவில்லை, அவ்வளவுதான். அவளுடைய புத்தகங்கள் வருடா வருடம் ஒவ்வொன்றாக என்னிடம் வந்தன. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படித்தவன் என்று இன்றைக்கு ஊரில் என்னைச் சொல்கிறார்கள். அதைக் கேட்கும்போது நான் வேறு பக்கம் பார்ப்பேன்.

ஆனால் அந்த வயதில் எனக்கு இதெல்லாம் கவலையாக இருக்கவில்லை. என்னை அரித்தது வேறொன்று. நோன்பு நாளில் பொய் சொன்னால் நோன்பில் ஓட்டை விழும் என்று எனக்குச் சொல்லித் தந்தவளே ராத்தாதான். சின்னப் பொய்க்குக்கூடக் காதைத் திருகுவாள். அவளே மரைக்காருக்கு முன்னால் அப்படிச் சொன்னாள். பெட்டி இடித்ததை வாப்பா அறிவார், சக்கரம் ஏறியதை மாமா அறிவார். ஒருவரும் இல்லையென்று சொல்லவில்லை.

நோன்பு முடிய இன்னும் கொஞ்ச நாள் இருந்தது. ராத்தாவை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். காலில் வெள்ளைக் கட்டோடு ஜன்னலோரம் படுத்திருந்தாள். வாப்பா மீனுக்குப் போய் வந்தார். ஆனால் மெயின் ரோட்டில் சைக்கிளில் ஏறவில்லை. பெட்டியோடு அதைத் தள்ளிக்கொண்டே, மணலோரமாக, வேன்களெல்லாம் கடந்து போக நடந்து வந்தார். பாங்குக்குப் பிறகுதான் வீடு சேர்ந்தார். ஒரு நாள் காலையில் அவர் அதைத் தள்ளிக்கொண்டு கிளம்பும்போது கேட்டேன்.

"பெடல் ஒடஞ்சிட்டா வாப்பா?"

"ஓம் மனே" என்றார். "செய்யக் குடுக்கணும்."

அடுத்த நாள் அவர் மீனுக்குப் போகவில்லை. பின்னேரம் அவர் கிணற்றடியில் இருக்கும்போது நான் சைக்கிளை நிமிர்த்திவைத்து, பெடலைக் கையால் சுற்றிப் பார்த்தேன். தடையில்லாமல் சுற்றியது. மற்றதையும் சுற்றினேன். அதுவும் சுற்றியது. உள்ளே ஓடிப்போய் ராத்தாவிடம் சொன்னேன், பெடலுக்கு ஒன்றுமில்லை, வாப்பாவும் நோன்போடு பொய் சொல்கிறார் என்று. அவள் என் காதைத் திருகவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அன்றைக்குத்தான் நான் முதன்முதலாக முழு நோன்பு பிடித்திருந்தேன். இந்த வீட்டில் எல்லோருடைய நோன்பிலும் ஓட்டை விழுந்துவிட்டது, என்னுடையது மட்டும்தான் முழுசாக இருக்கிறது என்று எனக்குப் பெருமையாக இருந்தது. பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பாங்கு கேட்பதற்காக எங்கள் வேலிக் கடப்படியில் போய் நின்றேன்.